திருப்பக் கூடாத முட்டைகள்

முதல் ஆமை கோணங்கிபாளையத்துக்கு வந்தது தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், இட்லிக் கடைகளில் கூட்டம் வடிந்து டீக்கடைகளில் கூட்டம் ஏறுகிற நேரத்தில், திருச்சி ரோட்டின் இடதுபக்கமாக, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல், தார் தண்ணீரைப்போல அதன் முன்னே இரண்டாகப் பிரிந்து வழிவிட, துடுப்புக் கைகளால் அந்தத் தாரைத் தள்ளித் தள்ளி நீந்தி. அது கடந்த பிறகு தார் மறுபடி மூடிக்கொண்டு ஒரு சுருக்கம்கூட இல்லாமல் இறுகியது. பின்னால் வந்த டவுன் பஸ் டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, பிள்ளைத்தாச்சிப் பொம்பளை ரோட்டைக் கடக்கும்போது செய்வதைப்போலவே வண்டியை ஓரங்கட்டிவிட்டார்.

"என்னப்பா நிறுத்திப்போட்ட?" என்று உள்ளே இருந்தவர்கள் கேட்டார்கள்.

"ஆமை போகுதுங்க."

"அப்ப போகட்டும், போகட்டும்."

இதை நான் சொல்லும்போதெல்லாம் என் பல்கலைக்கழகத் தோழிகள் கேட்கிற முதல் கேள்வி, "யாருமே ஆச்சரியப்படலையாடி?" என்பதுதான். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வரும். எதற்கு ஆச்சரியப்பட வேண்டும்? பனி நாட்டிலிருந்து கையளவு பறவை ஒன்று, மேப் இல்லாமல், போன் இல்லாமல், யாரிடமும் வழி கேட்காமல் மலையும் பாலைவனமும் தாண்டிப் போன வருஷம் இறங்கிய அதே குளத்தில் வந்து இறங்கினால், போய் வேடிக்கை பார்த்துவிட்டு ஐஸ்கிரீம் தின்றுவிட்டு வீட்டுக்கு வருகிறீர்களே, அது மட்டும் நடக்கிற காரியமா? அதை நம்புகிறவர்களுக்கு ஓர் ஆமை தார் ரோட்டில் நீந்துவதை நம்ப என்ன கேடு?

நடந்தது இவ்வளவுதான். பூமியின் வயிற்றுக்குள் உருகிக் கிடக்கிற இரும்பு எப்போதும் மெல்லப் புரண்டுகொண்டேதான் இருக்கும், அந்த மார்கழியில் அது கொஞ்சம் பலமாகவே ஒருக்களித்துப் படுத்துவிட்டது. இரும்பு புரண்டால் பூமியைச் சுற்றியிருக்கிற காந்தக் கோடுகளும் புரளும். ஒவ்வொரு கரையிலும் அந்தக் கோடு இந்தச் சாய்வில் இறங்கும், இந்த வலுவோடு இழுக்கும் என்று ஓர் அடையாளம் உண்டு, கிட்டத்தட்ட பின்கோடு மாதிரி. மணலுக்குள்ளிருந்து வெளியே வருகிற ஆமைக்குஞ்சு கடலைத் தொடுவதற்குள் அந்த அடையாளத்தைத் தலைக்குள் எழுதிக்கொள்கிறது. வளர்ந்து, உலகம் சுற்றி, முட்டையிடும் பருவம் வந்ததும் அந்த எண் எங்கே இழுக்கிறதோ அங்கேதான் திரும்பி வருகிறது. அந்த வருஷம் எங்கோ ஒரு கடற்கரையின் பின்கோடு கரையைவிட்டுக் கிளம்பி, வயல்களையும் ரயில் பாதைகளையும் தாண்டி, கடலிலிருந்து பஸ்ஸில் அரைநாள் தூரத்திலிருக்கிற எங்கள் கோழிப்பண்ணை ஊரின்மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்கு ஆமை என்ன செய்யும்? வந்தது.

ஊருக்குள் இது முன்கூட்டியே தெரிந்த ஒரே ஆள் மனையடி பார்க்கிறவர். அவருடைய திசைகாட்டி பொங்கலுக்கு முன்பே கோணிக்கொண்டு, அவர் சமையலறை குறித்துக் கொடுத்த இடமெல்லாம் கழிப்பறை மூலை என்று காட்டத் தொடங்கியதால், அவர் செல்லை அணைத்துவிட்டு மச்சினன் ஊருக்குப் போய்விட்டார்.

அந்த ஆமை வந்து நின்றது எங்கள் வீட்டில். என் அப்பா சென்னியப்பன் ஹேச்சரி வைத்திருக்கிறார், முட்டையை வாங்கி மெசினில் வைத்துக் குஞ்சு பொரிக்கிற தொழில். புதுக் கொட்டகை கட்டுவதற்காக வாசலில் ஆற்றுமணல் கொட்டி வைத்திருந்தார். ஆமை கேட்டுக்குள் நுழைந்தது, பைக்குகளுக்கு நடுவே புகுந்தது, மணல்மேல் ஏறியது, பின்கால்களால் பானை மாதிரி ஒரு குழி தோண்டியது, தோண்டிவிட்டு முட்டையிட ஆரம்பித்தது.

அப்போதுதான் ஊர் கூடியது. எங்கள் ஊரில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் ஆள் வரும், முட்டை என்றால் ஊரே வரும். சுற்றிலும் நின்றவர்களில் ஒருத்தர்கூட ஆமையைப் பார்க்கவில்லை. எல்லாருக்கும் கண் முட்டைமேல்தான். உருண்டை, பந்து மாதிரி உருண்டை, ஒரே அளவு, ஒன்றுகூடச் சோடை இல்லை என்று தலையாட்டிக்கொண்டார்கள். ஒருத்தர் குனிந்து விரலால் அழுத்திப் பார்த்தார். ஓடு உள்ளே குழிந்தது.

"தோல்முட்டைங்க" என்றார் துக்கத்தோடு. "கால்சியம் பத்தலை."

"ரொம்ப தூரம் வந்திருக்குது, எங்க சாப்பிட்டிருக்கப் போகுது?"

உடனே என் மாமா குழந்தைவேலு, அம்மாவின் தம்பி, இரண்டு லாரிக்குச் சொந்தக்காரர், தீவன மில்லுக்கு ஓடிப்போய் ஒரு கூடை கிளிஞ்சல் அள்ளிக்கொண்டு வந்தார். வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது: எங்கள் ஊர்க் கோழிகள் ஓடு கெட்டியாக முட்டையிட வேண்டும் என்று கடற்கரையிலிருந்து லாரி லாரியாகக் கிளிஞ்சல் கொண்டுவந்து உடைத்துத் தீவனத்தில் கலக்குகிறோம், கருவாட்டுத்தூளும் போடுகிறோம். மேற்கே காற்றடித்தால் ஊரே துறைமுகம் மாதிரி மணக்கும். கிளிஞ்சலை ஆமையின் முன்னால் கொட்டி, "சாப்பிடு தாயி" என்றார் மாமா. ஆமை அதைப் பார்த்துக் கண்ணீர் விட்டது.

"பாருங்க மச்சான், மணத்துக்குத்தான் வந்திருக்குது. கடலைத் தேடி இல்லை, கிளிஞ்சலைத் தேடி."

"மாமா, அது மூக்கால வழி கண்டுபிடிக்கலை. காந்தம்!" என்றேன். நான் சென்னையில் எம்.எஸ்ஸி. இயற்பியல் படிக்கிறேன், பொங்கல் லீவுக்கு வந்திருந்தேன். பின்கோடு கதையை மணல்மேல் கோடு போட்டு விளக்கினேன்.

மாமா பொறுமையாகக் கேட்டார். "செரி கௌசிகா. அந்தக் காந்தம் ஏன் பக்கத்து ஊருக்குப் போகலை?"

"அது வந்து..."

"அங்க தீவன மில் இல்லை. அவ்வளவுதான் சங்கதி."

ஊரே சிரித்தது. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. ஆனால் அதற்குள் என் அம்மா ராசாமணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துவிட்டாள், அவளுக்குக் காந்தமும் வேண்டாம், கிளிஞ்சலும் வேண்டாம்.

"எல்லாம் தள்ளி நில்லுங்க. பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்திருக்கிறா. ஆம்பளைங்களுக்கு இங்க என்ன வேலை?"

இந்த ஒரு வார்த்தையில் எல்லாம் விளங்கிப்போனது. தலைப்பிரசவத்துக்குப் பெண் பிறந்த வீட்டுக்கு வருவாள், இதில் விளக்கம் சொல்ல என்ன இருக்கிறது? பெண்கள் சந்தனமும் குங்குமமும் எடுத்துவந்து ஆமையின் நெற்றியில் வைத்தார்கள், எலுமிச்சை சாதமும் தயிர் சாதமும் கிளறினார்கள், வளையல் போடலாமா என்று ஒருத்தி அதன் துடுப்பை அளந்துகூடப் பார்த்தாள். ஆமையின் கண்ணிலிருந்து நீர் வழிந்தபடியே இருந்தது. அம்மா முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"அம்மா, அது அழுகை இல்லைம்மா. உடம்பிலிருக்கிற உப்பை வெளியே தள்ளுற சுரப்பி."

"உன்னைப் பெத்தப்ப எனக்கும் அந்தச் சுரப்பிதான் வேலை செஞ்சுது" என்றாள் அம்மா.

ஆமை குழியை மூடி, மார்பால் தட்டிச் சமன் செய்து, வந்த வழியே தாரைப் பிளந்துகொண்டு கிழக்கே போயிற்று. மறுநாள் இன்னொன்று வந்தது. அதற்கடுத்த நாள் ஒரு கூட்டமே வந்தது. கட்டடம் கட்டுகிற வீடுகள், பாதியில் நின்ற வீடுகள், கோவில் மண்டபத்துக்குக் கொட்டிய மணல், எங்கெல்லாம் மணல் இருந்ததோ அங்கெல்லாம் ஆமை. பஸ் கண்டக்டர்கள் "ஆமை ஸ்டாப்பு இறங்குங்க" என்று கூவத் தொடங்கினார்கள். முச்சந்தியில், பிறந்தகம் வரும் மகள்களை வருக வருக என வரவேற்று ஃபிளெக்ஸ் வைத்தார்கள், அதில் ஆமை படம் சின்னதாகவும் வைத்தவர்கள் படம் பெரியதாகவும் இருந்தது. வீடுகளில் பெரிய சண்டையெல்லாம் நடந்தது, "ஆமைக்குத் தெரிஞ்ச பொறந்த வீட்டுப் பாசம் உங்களுக்குத் தெரியலையா" என்று மாமியார்களிடமே மருமகள்கள் கேட்டுவிட்டுப் பிறந்த ஊருக்குப் பஸ் ஏறினார்கள்.

ஓர் அதிகாரி ஜீப்பில் வந்து, இந்த ஆமைகள் கடற்கரையில் இருக்க வேண்டியவை, இங்கே இருப்பது விதிமீறல் என்றார்.

"யாருங்க மீறினது? ஆமையா, நாங்களா?" என்றேன் நான்.

அவர் யோசித்தார். "அது மேலிடத்தில் கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, அம்மா கொடுத்த எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டுவிட்டுப் போனவர் பிறகு வரவே இல்லை.

இதுவரை எல்லாம் சந்தோஷம். இனிமேல்தான் நான் தொண்டை கிழியக் கத்திய பகுதி.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு குணம், முட்டையை மண்ணில் கிடக்கவிட மனசு வராது. முட்டை என்றால் அதற்கு டிரே வேண்டும், மெசின் வேண்டும், சூடு வேண்டும், கவனிப்பு வேண்டும். ஒவ்வொரு பண்ணைக்காரரும் தன் வீட்டு மணலில் கிடந்த ஆமை முட்டைகளைத் தோண்டி எடுத்து, பிறந்த பிள்ளையைத் துடைப்பதைப்போலத் துடைத்து, தன் ஹேச்சரிக்குக் கொண்டுபோனார். யாருக்கும் தின்னும் ஆசை இல்லை, விற்கும் எண்ணம் இல்லை, எல்லாம் பாசம். பாசத்தினால் வருகிற கேட்டைத்தான் தடுக்கவே முடியாது.

அப்பா முட்டைகளை மெசினுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தபோது நான் உள்ளே ஓடினேன். அந்த மெசினில் டிரேக்கள் தாமாகவே ஒரு பக்கம் சாயும், கொஞ்ச நேரம் கழித்து மறுபக்கம் சாயும். இப்படி முட்டையைத் திருப்பிக்கொண்டே இருக்கும்.

"அப்பா, திருப்பாதீங்கப்பா! ஆமை முட்டையைத் திருப்பினாச் செத்துப்போயிரும். இட்ட கொஞ்ச நேரத்துல கரு ஓட்டோட மேல்பக்கத்துல போய் ஒட்டிக்கும், அதைப் புரட்டினா அறுந்துரும். சென்னை கடற்கரையில நாங்க மாணவருங்க ஆமைக்கூடு காவலுக்குப் போறோம்ல, அங்க நான் பார்த்திருக்கிறேன்."

"கண்ணு, திருப்பாட்டித்தான் கரு ஓட்டுல ஒட்டிக்கிட்டுச் சாவும். அதுக்குத்தானே திருப்பறம்? தாய்க்கோழிகூட மூக்கால உருட்டி உருட்டித்தானே அடைகாக்குது?"

"அது கோழி! கோழிக்கு ஒட்டினாச் சாவு. ஆமைக்கு ஒட்டாட்டிச் சாவு!"

"முட்டைன்னா முட்டைதான் சாமி."

"ஆமை எங்கப்பா உருட்டுது? குழியில போட்டு மூடிட்டுத் திரும்பிப் பார்க்காமப் போகுது!"

"அதுக்குத் தெரியலை. பாவம், கடல்ல வளர்ந்தது" என்றார் அப்பா. பிறகு, கோபமே இல்லாமல், என் தலையைத் தடவிவிட்டு, "நீ இரும்பைப் படிக்கிறவ. நான் முட்டையைப் படிச்சவன். என்ற கையில பொரியாத முட்டை இல்லை" என்று சொல்லிச் சுவிட்சைப் போட்டார்.

டிரேக்கள் மெதுவாகச் சாய்ந்தன. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. நான் சுவிட்சை அணைத்தேன். அவர் போட்டார். நான் அணைத்தேன். அவர் போட்டார். ஆட்களுக்கு முன்னால் இது நாலைந்து தடவை நடந்த பிறகு அம்மா வந்து என்னை இழுத்துக்கொண்டு போனாள். அதற்குள் எல்லாம் புரண்டு முடிந்துவிட்டிருந்தது, இனி அணைத்தும் பயனில்லை.

மாசி பிறந்தபோது அப்பா முட்டைகளை எடுத்து விளக்கில் பிடித்துப் பார்த்தார். நரம்பு ஓடவில்லை. ஒன்று, இன்னொன்று, மற்றொன்று, எல்லாவற்றிலும் மஞ்சளாக ஒரு கலங்கல், அவ்வளவுதான். மற்ற ஹேச்சரிகளிலும் அதே கதை. பிரசவத்துக்கு வந்த மகளின் பிள்ளையை நாமே கொன்றுவிட்டோம் என்பதை யார் வாயைத் திறந்து முதலில் சொல்வது? தீவன மில்லில் ஆண்கள் எல்லாரும் கூடி, மெசின் கோளாறா, கரண்ட் கோளாறா என்று பேசப் போனார்கள். அப்பாவும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார்.

அவர்கள் அங்கே பேசிக்கொண்டிருந்த நடுப்பகலில்தான் கடைசி ஆமை வந்தது. மற்றவை எல்லாம் வந்துபோய்ப் பல நாள் ஆகியிருந்தது. ஓட்டில் ஒரு பக்கம் பழைய வெட்டு, ஏதோ படகின் விசிறி பட்டிருக்க வேண்டும், அதனால் கோணலாக நீந்திக்கொண்டு, எங்கள் வாசல் மணலில் ஏறி, முதல் ஆமை தோண்டிய அதே இடத்துக்குப் பக்கத்தில் தோண்டியது. பார்த்தது நானும் அம்மாவும் மட்டும்தான். அம்மா சந்தனம் எடுக்கப் போகவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. அது முடித்து ரோட்டில் இறங்கியதும் ஒரு பனையோலைத் தடுக்கை எடுத்து மணல்மேல் போட்டு, அதில் வரமிளகாயைக் காயப்போட்டாள்.

"உங்கப்பன்கிட்டச் சொல்லாத" என்றாள்.

சொல்லவில்லை. ஆனால் சில நாள் கழித்து அப்பா கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். சும்மா உட்கார்ந்தால் மனசு கெட்டுப்போகிறது, கொட்டகை வேலையையாவது ஆரம்பிக்கலாம் என்று. கொத்தனார் மண்வெட்டியைத் தூக்கினார். நான் ஓடிப்போய் மிளகாய்க்குப் பக்கத்தில் கையை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"எந்திரி அம்மிணி."

"மாட்டேன்."

"மொளகாயை நான் எடுத்து வெக்கறேன், எந்திரி."

"மொளகாய்க்கு இல்லைப்பா."

அப்பா என்னைப் பார்த்தார். வாசற்படியில் நிற்கிற அம்மாவைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. முகத்தில் ஆசை ஒரு கணம் பளிச்சென்று எரிந்ததை நான் பார்த்தேன், தோண்டி எடுக்கவேண்டும், கையில் ஏந்தவேண்டும் என்கிற அந்த ஆசை. நான் சண்டைக்கு ஆயத்தமானேன், சொல்ல வேண்டிய வாதங்களை எல்லாம் வரிசையாக எடுத்து வைத்தேன். ஆனால் அவர் வாதத்துக்கே வரவில்லை. கொத்தனாரை அனுப்பிவிட்டு, மணலுக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்.

"கை நிக்க மாட்டேங்குது கண்ணு" என்றார். "அதான்."

பிறகு சொன்னார்: "இதுவும் பொரியாட்டி மெசினை எல்லாம் எடைக்குப் போட்டுடறேன். இனி இந்தக் கையால முட்டை தொட மாட்டேன்."

அவர் சொன்னால் செய்கிறவர். ஹேச்சரி போனால் அவரிடம் வேறு என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து அந்த ஒரு கூடு எங்கள் வீட்டின் கழுத்தில் தொங்கியது.

பல்கலைக்கழகத்தில் லீவு முடிந்து வகுப்பு நடந்துகொண்டிருந்தது. துறைத் தலைவருக்குப் போன் செய்து, பூமியின் காந்தப்புலம் எங்கள் வீட்டு வாசலில் இருக்கிறது, நான் வகுப்பறையில் உட்கார்ந்து அதைப் படமாக வரைவது என்ன நியாயம் என்று கேட்டேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் லீவு கொடுத்தார்.

மாசி வெயில் ஏற ஏற, கொத்தனார் சொல்லித் தெரிந்துகொண்டு, ஊர் ஒவ்வொருவராக எங்கள் வாசலுக்கு வந்தது. வந்தவர்கள் எல்லாரும் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்கள். நாள் முழுக்க முட்டை எடுத்து, முட்டை அடுக்கி, முட்டை திருப்பியே பழகிய கைகள், வரிசையாக அடங்கிக் கிடந்தன.

"மேல கீத்து போடோணுங்க" என்றேன். "மணல் ரொம்பச் சூடானா எல்லாம் பெட்டையா வந்துரும்."

"பெட்டையாவே வரட்டும், நல்லதுதானே?" என்றார் மாமா. அவர் பேச்சு அப்படி வருவதில் வியப்பில்லை. எங்கள் தொழிலில் சேவல் குஞ்சுக்கு மதிப்பில்லை, பொரிந்த அன்றே அதன் கதை முடிந்துவிடும்.

"எல்லாம் பெட்டையா வந்தா அதுங்க யாரைக் கட்டிக்கும் மாமா? சேவலும் வேணும். பிறந்தது எல்லாம் வேணும். இது பண்ணை இல்லை."

அப்பா எழுந்துபோய்த் தென்னங்கீற்று கொண்டுவந்து நிழல் கட்டினார். அன்றிலிருந்து ஹேச்சரியில் சேவல் குஞ்சுப் பெட்டி இருக்கும் பக்கம் அவர் போவதைத் தவிர்த்தார், அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

பங்குனி கடைசியில், வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில் திடீரென்று மேற்கே இருட்டி, பெரிய பெரிய துளிகளாக மழை கொட்டிவிட்டு நின்றது. மணல் குளிர்ந்தது. குளிர்ந்த மணல் நடுவில் குழிந்தது. குழியில் ஒரு மூக்கு தெரிந்தது.

"அப்பா!"

யாரும் அசையவில்லை. ஒரு மூக்கு, ஒரு துடுப்பு, பிறகு மணலே கொதித்ததுபோல, கைக்கு அடங்குகிற கறுப்புக் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு பொங்கி வழிந்தன. அந்த நேரத்தில் எதிர்ப் பண்ணையில் கூண்டுகளில் கொக்கரித்துக்கொண்டிருந்த கோழிகள் எல்லாம் சட்டென்று அடங்கி, அத்தனை தலைகளும் ஒரே பக்கம், கிழக்கே, திரும்பி நின்றன. பக்கத்துப் பண்ணையிலும் அப்படியே. ஊரிலிருந்த எல்லாக் கோழியும் அப்படியே. குஞ்சுகளும் அந்தப் பக்கமே நடந்தன. நான் மாமாவின் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"காந்தம்! கோழிக்குள்ளேயும் இருக்குது! மூக்கா இது? மூக்கா?"

"செரி செரி, காந்தந்தான், என்ற சட்டையை விடு" என்றார் மாமா. அவர் கண்ணிலும் அந்தச் சுரப்பி வேலை செய்துகொண்டிருந்தது.

குஞ்சுகள் வாசலைத் தாண்டின, கேட்டைத் தாண்டின, திருச்சி ரோட்டில் இறங்கின. இறங்கி அங்கேயே நின்றன. தார் பிரியவில்லை. தாய்க்கு வழிவிட்ட ரோடு குஞ்சுக்கு விடவில்லை. அடித்த மழை அதற்குள் காய்ந்து, தாரிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. முதலில் இறங்கிய குஞ்சு துடுப்பைத் தூக்கித் தூக்கி வைத்தது. மேலே பருந்துகள் வட்டமிட ஆரம்பித்தன.

"லாரியைக் கொண்டாறேன்! பெட்டியில மணலைப் பரப்பி ஏத்திக்கலாம், பொழுது விடியறதுக்குள்ள கடல்ல விட்டறலாம்!" என்று மாமா ஓடினார்.

நான் குறுக்கே நின்றேன். "லாரி முழுக்க இரும்பு மாமா! சுத்தியும் இரும்பு வெச்சா அதுங்களுக்குத் திசையே தெரியாது. நடக்கிறப்பத்தான் ஊரை எழுதிக்கும். தூக்கிட்டுப் போனா எந்த ஊர்ல பொறந்தோம்னே தெரியாமக் கடல் பூரா அலையும்!"

"இப்பிடியே விட்டா அலையறதுக்கே உசுரு இருக்காது கௌசிகா!"

அவர் சொன்னதும் உண்மை. நான் சொன்னதும் உண்மை. அப்பா ரோட்டோரத்தில் நின்றுகொண்டிருந்தார். அவருடைய கைகள் முன்னால் நீண்டன, தூக்கிவிட வேண்டும் என்று நீண்டன, பின்னுக்குப் போய் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன.

"ரோடு மறந்துபோச்சு" என்றாள் அம்மா. "வேறென்ன? ஞாபகப்படுத்தோணும்."

அவள் எதிர்ப் பண்ணையின் தீவனக் கொட்டகைக்குள் போய் ஒரு முறம் கிளிஞ்சல் அள்ளிக்கொண்டு வந்து, குஞ்சுகளுக்கு முன்னால் கோலப்பொடி தூவுவதைப்போலத் தூவினாள். கிளிஞ்சல் விழுந்த இடத்தில் தார் லேசாக நெளிந்தது. அப்புறம் அசைந்தது. அப்புறம் ஒரு சின்ன அலை வந்து ரோட்டோரத்து மைல்கல்லில் மோதி நுரைத்தது.

அதற்கப்புறம் நடந்ததை நான் எப்படிச் சொல்வேன்! ஊர் ஓடியது. முறத்தோடு ஓடியது, கூடையோடு ஓடியது, சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியது. எங்கள் கோழிகளுக்காகக் கடலிலிருந்து நாங்கள் இத்தனை காலம் கொண்டுவந்த கிளிஞ்சலையெல்லாம், மில்லில் இருந்ததை, பண்ணையில் இருந்ததை, கோழிக்குப் போட்ட தொட்டியில் மீந்ததைக்கூட வழித்துக்கொண்டு வந்து, ரோடு நெடுக வாரி வாரி இறைத்தோம். மாமாவின் லாரிகள் இரண்டும் கதவைத் திறந்துவிட்டுக் கிளிஞ்சலைக் கொட்டிக்கொண்டே ரொம்ப தூரம் முன்னால் போயின, பின்னால் தார் திறந்துகொண்டே வந்தது. எதிரே வந்த பஸ்கள் எல்லாம் ஓரங்கட்டின, ஜன்னல் வழியாகப் பிள்ளைகள் கையாட்டின. குஞ்சுகள் ஒவ்வொன்றாக அந்தக் கறுப்பு அலைக்குள் குதித்து, ஒரு தடவை முங்கி, மூக்கை மேலே தூக்கி, நீந்தின. மேலே வந்த பருந்துகளைப் பெண்கள் முறத்தை வீசி விரட்டினார்கள். அப்பா கடைசிக் குஞ்சோடு கூடவே ரோட்டோரமாக நடந்தார். அது தடுமாறிய இடத்திலெல்லாம் அவர் கையை நீட்டவில்லை. "வா சாமி, வா சாமி" என்று சொன்னார், அவ்வளவுதான். அதுவும் இறங்கியது, நீந்தியது, மறைந்தது. ரோடு மூடிக்கொண்டது.

அப்பா ஹேச்சரி மெசின்களை எடைக்குப் போடவில்லை. கொட்டகையும் கட்டவில்லை. மணல் அப்படியே கிடக்கிறது, தை பிறந்தால் நாய் ஏறாமல் வேலி கட்டுகிறார், ஆட்கள் அதில் உட்காரக்கூட விடுவதில்லை. அது என்னை வதைத்தது. போன லீவில் சொல்லிவிட்டேன், உண்மையைச் சொல்லாமல் இருப்பது எனக்கு வராது.

"அப்பா, இரும்பு இன்னும் புரண்டுக்கிட்டேதான் இருக்குது. அதுங்க வளர்ந்து முட்டையிட வர்றதுக்குள்ள நம்ம ஊரு அடையாளம் வேற எங்கயோ போயிருக்கும். அதுங்க இங்க வராதுங்கப்பா."

அவர் மணலில் விழுந்திருந்த ஒரு சருகைப் பொறுக்கிப் போட்டார்.

"எந்த ஊருக்குப் போகும்?"

"தெரியாது. யாருக்கும் தெரியாது."

"அப்ப எல்லா ஊருக்கும் சொல்லோணும்" என்றார்.

மாமாவின் லாரி டிரைவர்கள் போகிற ஊரிலெல்லாம் டீக்கடையில் இறங்கிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நான் பல்கலைக்கழகத்தில் நம்புகிறவர்களிடமும் நம்பாதவர்களிடமும் சண்டை போட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இப்போது உங்களிடம் சொல்கிறேன். உங்கள் ஊர் எதுவாக இருந்தாலும் சரி, மலையோ காடோ அடுக்குமாடியோ, எங்காவது ஒரு மூலையில் கொஞ்சம் மணல் சும்மா கிடக்கட்டும். ஒரு நாள் பட்டப்பகலில் உங்கள் தெரு இரண்டாகப் பிரிந்து வழிவிட்டால் வண்டியை ஓரங்கட்டுங்கள். அவள் அழுதால் துடைத்துவிடுங்கள், சுரப்பி என்று விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள். முட்டைகளை எடுக்காதீர்கள், திருப்பாதீர்கள். கை நிற்கவில்லை என்றால் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்காருங்கள். என் அப்பா அப்படித்தான் உட்கார்ந்திருந்தார், பொரிந்தது.